கடலும் கல்லும்: கிரேக்கத் தீவுகளில் ஒன்பது இரவுகளை எங்கே கழிப்பது?

என் கணவருக்கு இடிந்த கோயில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பொழுது போவது தெரியாது. எனக்குக் கடல். காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கினால் விரல் நுனி சுருங்கும்வரை கரையேற மாட்டேன். இருவரையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் இடம் கிரேக்கத் தீவுகள்தான் என்று நம்பி, முதல்முறை ஓர் ஆகஸ்ட் மாதத்தில் கிளம்பினோம். ஒன்பது இரவுகளில் ஐந்து தீவுகள்: மைக்கோனோஸ், பாரோஸ், சாண்டோரினி, கோஸ், ரோட்ஸ். திரும்பி வந்து கணக்குப் பார்த்தபோது முழுதாக மூன்று பகல்கள் துறைமுகத்திலும் கப்பலிலுமே கரைந்திருந்தன. அவர் பார்க்க ஆசைப்பட்ட முதல் இடமான, மைக்கோனோஸை அடுத்து இடிபாடுகளோடு கிடக்கும் சிறு தீவு டெலோஸைப் பார்க்கவே முடியவில்லை.

காரணம் காற்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று நாள்கணக்கில் வீசும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், கடலோ பொங்கிக்கொண்டிருக்கும். காற்று அளவு மீறினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைக் கிளம்ப விடுவதில்லை. அந்தத் தடைக்கு அங்கே ‘அபகோரெஃப்திகோ’ என்று பெயர். மைக்கோனோஸ் படகுத்துறையில் டிக்கெட் விற்றவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கையை விரித்தார். டெலோஸ் கண்ணெதிரே பழுப்பு நிறத்தில் கிடந்தது. மறுநாள் நாங்கள் பாரோஸுக்குப் போயாக வேண்டும். அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. போய்விட்டோம்.

அதன்பிறகு இரண்டு முறை போய்வந்திருக்கிறோம், வேறு விதமாக. இப்போது தெரிந்தவர்கள் யாராவது திட்டம் போட உட்கார்ந்தால், எத்தனை தீவு என்று நான் கேட்பதில்லை. கல்லையும் கடலையும் ஒரே அரைநாளுக்குள் பார்க்க முடிகிற இடமா என்றுதான் கேட்கிறேன். காலையில் அவர் இடிபாடுகளைப் பார்த்து முடிக்கும்போது எனக்குக் கடற்கரை பத்து, பதினைந்து நிமிடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விடுமுறை முழுக்க ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதிலேயே போய்விடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் மக்கள் வாழும் தீவுகள் மட்டும் இருநூறுக்கு மேல். அவை கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. ஒரு கூட்டத்துக்குள் கப்பல்கள் அடிக்கடி உண்டு. ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் பாடு. நாங்கள் சாண்டோரினியிலிருந்து கிழக்கே போக நினைத்தபோது அந்தப் பக்கம் வாரத்தில் சில நாள்தான் கப்பல் என்று தெரிந்தது. ஆகவே முதலில் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், தீவை அப்புறம் பார்க்கலாம்.

பெரிய சொகுசுக் கப்பலில் ஏறிச் சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டியைத் தூக்க வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு தீவில் இறங்குவது சில மணி நேரம். அதுவும் மற்றக் கப்பல்களில் வந்த ஆயிரக்கணக்கானோர் இறங்குகிற அதே நேரம். 2025 ஜூலை முதல் சாண்டோரினியிலும் மைக்கோனோஸிலும் உச்சப் பருவத்தில் கப்பல் பயணி ஒருவருக்கு 20 யூரோ இறங்கு கட்டணம் வேறு. விடியற்காலைக் கடலும் இரவு எட்டு மணித் தெருவும் கிடைக்காத தீவுப் பயணம் எனக்குப் பயணமாகவே தோன்றவில்லை.

நாலைந்து நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாத் தீவுகள் போதும். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏஜினா சாதாரணக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம், விரைவுப் படகில் நாற்பது நிமிடம். அங்கே பைன் மரங்கள் சூழ்ந்த குன்றின்மேல் அஃபேயா கோயில், கி.மு. 500 வாக்கில் கட்டியது. தூண்கள் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. அதன் முகப்புச் சிற்பங்கள் 1811இல் பெயர்த்தெடுக்கப்பட்டு இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குன்றுக்குக் கீழேயே அகியா மரீனா கடற்கரை. என் அளவுகோலுக்கு முழு மதிப்பெண். துறைமுகத்தில் விற்கும் ஏஜினா பிஸ்தாவைக் கட்டாயம் வாங்குங்கள். ஹைட்ராவில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பெட்டிகளைக் கழுதை சுமந்து வரும். ஆனால் இந்தக் கடற்கரைகள் சிறியவை. இவ்வளவு தூரம் பறந்து வந்தவர்களுக்கு ஒன்பது நாளும் இவையே என்றால் மனம் நிறையாது.

துருக்கிக் கரையை ஒட்டிக் கிடக்கும் டோடகனீஸ் கூட்டம் வேறு வகை. ரோட்ஸ் பழைய நகரத்தை 1309 முதல் 1522 வரை புனித யோவானின் வீரத்துறவிகள் ஆண்டார்கள். அந்தக் கோட்டைச் சுவருக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். உலக அதிசயங்களில் ஒன்றான பிரம்மாண்டச் சிலையைத் தேடிப் போகாதீர்கள்; கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் விழுந்த அதன் ஒரு துண்டுகூட இன்று இல்லை. லிண்டோஸ்தான் இங்கே பொன்னான இடம். செங்குத்தான பாறைமேல் அத்தீனா கோயில், அதன் காலடியில் குளம்போல் வளைந்த சிறு விரிகுடா. அவர் மேலே ஏறினார், நான் கீழே நீந்தினேன், நண்பகலில் ஒரே மேசையில் சாப்பிட்டோம். கோஸ் தீவில் ஹிப்போகிரட்டிஸ் பெயரோடு இணைந்த பழைய மருத்துவத் தலம் அஸ்க்லெபியோன், ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர்.

குறை என்னவென்றால் தூரம். பிரேயஸிலிருந்து ரோட்ஸுக்குக் கப்பலில் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். விமானத்தில் ஒரு மணி நேரம். விமானத்தில் போய் விமானத்தில் திரும்புவதென்றால் சரி. இன்னொன்று, இங்கே கண்ணை நிறைப்பது இடைக்காலம்தான். பழைய கிரேக்கம் அதன் அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. கோட்டை கொத்தளங்கள் பிடிக்கும் என்பவர்கள் தயங்காமல் இதையே எடுக்கலாம்.

மீதி இரண்டு: கிரீட்டும் சைக்ளடீஸும். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

கிரீட்டுக்கு இரண்டாம் முறை போனோம். கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள்; தீவு என்பதே மறந்துவிடும். கப்பல் ஒவ்வாதவர்களுக்கு, வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு, நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது கிரீட்தான். ஹெராக்லியோன் நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் நோசோஸ் அரண்மனை. ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900இல் அகழத் தொடங்கி, தன் மனத்தில் இருந்த அரண்மனையைக் கான்கிரீட்டில் எழுப்பி வண்ணமும் பூசிவிட்டார். சிவப்புத் தூண்களைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. எது நாலாயிரம் ஆண்டுக் கல், எது நூறு ஆண்டுக் கலவை என்று பிரித்தறிய முடியவில்லை என்பது அவர் வழக்கு. அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்கு மறுநாள் ஃபைஸ்டோஸில் தெரிந்தது. அங்கே யாரும் எதையும் எழுப்பவில்லை. அகன்ற படிக்கட்டு, வெறும் முற்றம், கீழே மெஸ்ஸாரா சமவெளியின் ஒலிவத் தோப்புகள். 1908இல் கிடைத்த, இன்றுவரை யாரும் படிக்க முடியாத சுடுமண் வட்டு இந்த இடத்தில் கிடைத்ததுதான்; அதை ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பார்க்கலாம். ஃபைஸ்டோஸிலிருந்து மத்தாலா கடற்கரை காரில் கால் மணி நேரம். நோசோஸ், ஃபைஸ்டோஸ் உள்ளிட்ட, மினோவன் என்ற கிரீட்டின் பண்டை நாகரிகத்தின் ஆறு அரண்மனைத் தலங்களை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் கிரீட்டில் கார் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்; சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மலைப்பாதையில். புகழ்பெற்ற இளஞ்சிவப்பு மணல் கடற்கரையான எலஃபோனிசி மேற்குக் கோடியில் இருக்கிறது. ஹானியா நகரிலிருந்தே ஒன்றரை மணி நேரம். அரண்மனைகளோ நடுவில். ஒன்பது நாளில் இரண்டையும் பிடிக்க நினைத்தால் ஓட்டுகிறவர் விடுமுறையை ஸ்டீயரிங்கோடுதான் கழிப்பார். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. இரண்டு வாரம் இருந்தால் கிரீட்டுக்கு நிகரில்லை. ஒன்பது இரவுக்கு அது எட்டவில்லை.

இனி சைக்ளடீஸ். வெள்ளை வீடும் நீலக் கதவும் படத்தில் பார்ப்பது இந்தக் கூட்டத்தைத்தான். மூன்றாம் முறை, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், இங்கேயே ஒன்பது இரவையும் வைத்துக்கொண்டோம். இருவருக்கும் பொதுவான ஒரே குறை, கிளம்ப வேண்டியிருந்ததுதான்.

முதலில் டெலோஸ். மைக்கோனோஸ் பழைய துறையிலிருந்து அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான படகுப் பயணம். நீளம் ஐந்து கிலோமீட்டர், அகலம் ஒன்றரைக்கும் குறைவு. அப்போலோ, ஆர்ட்டெமிஸ் என்ற தெய்வங்கள் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் நம்பிய தீவு. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் இங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்து எதிரே உள்ள ரெனெயா தீவுக்கு மாற்றினார்கள். இனி இந்த மண்ணில் யாரும் பிறக்கக்கூடாது, சாகவும் கூடாது என்று ஆணை. நிறைமாதப் பெண்களையும் சாகக் கிடப்பவர்களையும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். ரோமர்கள் கி.மு. 166இல் சுங்கமில்லாத் துறைமுகமாக்கியதும் வணிகர்கள் குவிந்தார்கள். கி.மு. 88இல் ரோமர்களின் பகைவனான மித்ரிடேட்டஸ் மன்னனின் படையும் கி.மு. 69இல் கடற்கொள்ளையரும் அழித்த பிறகு ஊர் மெல்ல ஓய்ந்துபோனது. மேலே வேறு ஊர் எழவில்லை. அதனால்தான் தெருக்கள் தெருக்களாகவே கிடக்கின்றன. வாசற்படி, கிணறு, சாக்கடை மூடி, தரையில் மொசைக் டால்பின் எல்லாம் காலடியில். இரவில் சுற்றுலாப் பயணிகள் யாரும் தங்க முடியாது.

அயோனியக் கிரேக்கர்கள் ஒன்றுகூடிய பொதுப் புனிதத் தலம் இது. அந்த அயோனியர் என்ற பெயர்தான் கிழக்கே நகர்ந்து நம் சங்கப் பாடல்களில் யவனர் ஆனது. அதை நினைத்துக்கொண்டு நடந்தபோது எனக்குக்கூடக் கடல் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தில் கணவன், மனைவி சிலைகள் இரண்டு அருகருகே நிற்கின்றன. இரண்டுக்கும் தலை இல்லை. அவள் பெயர் கிளியோபாட்ரா, எகிப்து அரசி அல்ல. ஏதென்ஸிலிருந்து வந்து குடியேறியவள். கணவன் டியோஸ்கூரிடேஸ் அப்போலோ கோயிலுக்கு வெள்ளி முக்காலிகள் கொடுத்த பெருமையைச் சொல்லி அவனுக்குச் சிலை வைத்ததாக அடியில் அவளே பொறித்திருக்கிறாள். கி.மு. 138 வாக்கில் நடந்தது. அவள் மேலாடையை இழுத்துப் போர்த்தியிருக்கும் விதத்தில் துணிக்குள் ஒரு கையின் முட்டி தெரிகிறது. அந்தச் சுவர்மேல் ஓணான் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆம், நம்மூர் வேலியில் பார்ப்பதுபோலவே. டெலோஸின் கற்கள் முழுக்க அவைதான்.

டெலோஸுக்குப் போக இரண்டு வழி. நக்ஸோஸ், பாரோஸ் தீவுகளிலிருந்து பருவ காலத்தில் ஒருநாள் சுற்றுலாப் படகுகள் உண்டு; டெலோஸில் இரண்டு, மூன்று மணி நேரம் விட்டுவிட்டு மைக்கோனோஸையும் காட்டித் திரும்பக் கொண்டுவரும். மைக்கோனோஸில் தங்கும் செலவு மிச்சம். ஆனால் கல்லைத் தேடிப் போகிறவருக்கு அந்த நேரம் போதாது. சிங்கச் சிலைகளின் வரிசையைப் பார்த்து, 112 மீட்டர் உயரக் கிந்தோஸ் குன்றில் ஏறி இறங்கினாலே பாதி நேரம் போய்விடும். விலை கூடுதல் என்றாலும் மைக்கோனோஸில் ஓர் இரவு தங்கி, காலை முதல் படகைப் பிடிப்பதுதான் என் தேர்வு. தீவில் நிழல் என்பதே கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் தொப்பியும் வேண்டும். அந்த ஓர் இரவுக்கு மேல் மைக்கோனோஸில் தங்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. கேளிக்கை விடுதிகளுக்காக வருகிறவர்களின் ஊர் அது.

நீந்துவதற்கு நக்ஸோஸ். ஊரையடுத்து அகியோஸ் ஜியோர்ஜியோஸ், பஸ்ஸில் ஏறினால் அகியோஸ் ப்ரோகோபியோஸ், அகியா அன்னா, பிளாக்கா என்று மணல் ஒன்றையடுத்து ஒன்றாக நீண்டு போகிறது. வெளிர்மணல், இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம். மெல்தெமி அடித்தாலும் இந்த மேற்குக் கரையில் எங்காவது ஒதுங்கலாம். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போதே இடப்புறம் போர்ட்டாரா தெரியும். கி.மு. 530 வாக்கில் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல், ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம். கோயில் இல்லை, வாசல் மட்டும் நிற்கிறது. துறையிலிருந்து பத்து நிமிட நடை. அதன் அருகிலேயே உள்ளூர்ப் பிள்ளைகள் கடலில் குதிக்கிறார்கள்.

வடகோடியில் அப்போலோனாஸ் என்ற ஊருக்கு மேலே பழைய கல்லுடைக்கும் இடத்தில் பத்து மீட்டருக்கு மேல் நீளமான சிலை ஒன்று மல்லாந்து கிடக்கிறது. தாடி செதுக்கியாகிவிட்டது, முகம் இன்னும் வரவில்லை, கைகள் பக்கவாட்டில் கட்டை போல. கல்லில் விரிசல் விழுந்ததால் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். வேலி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். உளி விழுந்த ஒவ்வொரு குழியும் கட்டைவிரல் பதியும் அளவு. ஒரு பக்கம் குழிகள் நெருக்கமாக, மறுபக்கம் அகலமாக இருந்தன. இரண்டு ஆட்கள் என்றார் என் கணவர், ஒருவன் பொறுமைசாலி. டெலோஸில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும் சிங்கங்களின் மூலச் சிலைகளும் இந்தத் தீவுப் பளிங்குதான், நக்ஸோஸ்காரர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு தீவுகளையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அங்கே முடிந்ததைப் பார்த்தவர் இங்கே முடியாததைப் பார்க்கிறார்.

பாரோஸை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். மிலோ தீவின் வீனஸ், சமோத்ரேஸின் வெற்றித் தேவதை என்ற புகழ்பெற்ற சிலைகளும் பாரோஸ் பளிங்குதான். பரிகியா கோட்டைச் சுவரில் பழைய கோயில் தூண்களைக் குறுக்கே அடுக்கியிருக்கிறார்கள், வட்ட வட்டமாகத் தெரியும், அழகுதான். ஆனால் கல்லும் கடலும் சேர்ந்த கணக்கில் நக்ஸோஸ் ஒரு படி மேலே.

சாண்டோரினியைப் பலரும் முதலிடத்தில் வைக்கிறார்கள். நான் இரண்டு இரவு மட்டும் தருவேன். எரிமலை வாயின் விளிம்பில் ஊர் அமர்ந்திருக்கும் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் அங்கிருந்து கடல் பார்ப்பதற்குத்தான், இறங்குவதற்கு இல்லை. நீந்த வேண்டுமானால் மறுபக்கம் கமாரிக்கோ பெரிஸாவுக்கோ போக வேண்டும். கறுப்பு மணல், நண்பகலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. எங்களுக்கு இங்கே ஓர் இரவுக்கு ஆன வாடகை நக்ஸோஸில் மூன்று இரவுக்குச் சரியாக இருந்தது. இருந்தும் இதை விட முடியாததற்குக் காரணம் அக்ரோத்திரி. கி.மு. 1600 வாக்கில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாடோஸ் 1967இல் அகழத் தொடங்கினார். மேலே கூரை போட்டிருப்பதால் வெயில் இல்லை. இரண்டு, மூன்று மாடி வீடுகள், வடிகால், வரிசையாகத் தாழிகள். எலும்புக்கூடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எச்சரிக்கை நடுக்கங்களை உணர்ந்து மக்கள் முன்பே வெளியேறியிருக்க வேண்டும். தீவின் முக்கிய ஊரான ஃபிராவில் உள்ள அருங்காட்சியகத்தில் அங்கிருந்து எடுத்த நீலக் குரங்குகளின் சுவரோவியம் இருக்கிறது. வால் நிமிர்ந்திருக்கும் விதத்தை வைத்து அவை நம் நாட்டுச் சாம்பல் மந்தி என்று சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். 2025 தொடக்கத்தில் இந்தப் பகுதியில் வாரக்கணக்கில் நிலம் நடுங்கி ஆயிரக்கணக்கானோர் தீவைவிட்டு வெளியேறியதையும் நினைவில் வையுங்கள்; கிளம்பும் முன் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தத் தீவிலும் பட்டினி இல்லை. ‘நிஸ்தீசிமோ’ என்று கேளுங்கள். அவர்கள் நோன்பு காலத்தில் சாப்பிடும் உணவு. இறைச்சி, முட்டை, பால் இருக்காது; ஆனால் இறால், கணவாய் நோன்புக்கு ஆகும் என்பதால் அதை மட்டும் தனியாகக் கேட்டுவிட வேண்டும். சாண்டோரினியின் ஃபாவா பார்ப்பதற்குக் கடைந்த துவரம்பருப்பேதான், மேலே பச்சை வெங்காயமும் ஒலிவ எண்ணெயும். நக்ஸோஸ் உருளைக்கிழங்கு அந்த நாடு முழுக்கப் பேர்போனது.

எங்கள் ஒன்பது இரவு இப்படி அமைந்தது: ஏதென்ஸ் ஒன்று, மைக்கோனோஸ் ஒன்று, நக்ஸோஸ் நான்கு, சாண்டோரினி இரண்டு, திரும்ப ஏதென்ஸ் ஒன்று. மூன்றே கப்பல் பயணங்கள். சாண்டோரினியிலிருந்து ஏதென்ஸுக்கு முக்கால் மணி நேர விமானம். டெலோஸ் படகு காற்றால் நின்றால், நக்ஸோஸிலிருந்து ஒருநாள் படகு மாற்றாகக் கையில் இருக்கும். சாண்டோரினியிலிருந்து நேராக ஊருக்கு விமானம் பிடிக்கும்படி மட்டும் திட்டமிடாதீர்கள். கடைசி ஏதென்ஸ் இரவு காற்றுக்கும் தாமதத்துக்கும் ஒதுக்கியது.

மாதம், மே கடைசி முதல் ஜூன் வரை, இல்லையென்றால் செப்டம்பர். இரண்டில் செப்டம்பர்க் கடல்தான் வெதுவெதுப்பு. விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. கப்பலில் விரைவுப் படகைவிடப் பெரிய சாதாரணக் கப்பலையே எடுங்கள். மெதுவாகப் போகும், ஆட்டம் குறைவு, திறந்த மேல்தளத்தில் உட்கார்ந்து வரலாம். இறங்கும் தீவு நெருங்கும்போது முன்கூட்டியே கீழ்த்தளத்துக்கு வந்து, அந்தத் தீவின் பெயர் எழுதிய அடுக்கிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு நில்லுங்கள். பின்கதவு முழுதாகத் தரையைத் தொடும் முன்பே கூட்டம் நகரத் தொடங்கிவிடும். கப்பல் நிற்பது சில நிமிடம்தான்.